முதல் விமானப் பயணமா? பழைய கணினி சொல்லித் தந்த பாடங்கள்

உயர்கல்விக்கு இடம் கிடைத்த செய்தி வரும் நாளில் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். என்ன படிப்பு? எந்த ஊர்? இரண்டாவது கேள்விக்குப் பதில் கோத்தா கினபாலு என்றோ கூச்சிங் என்றோ அமைந்துவிட்டால், மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டில் சற்று நேரம் பேச்சு நின்றுபோகும். படிப்பைப் பற்றிய தயக்கமல்ல அது. பினாங்கு என்றால் பேருந்து இருக்கிறது, ஜொகூர் என்றால் அப்பாவின் கார் இருக்கிறது. இங்கோ கடலைத் தாண்ட வேண்டும். வீட்டில் யாருமே இதுவரை ஏறாத விமானத்தில், பிள்ளை தனியாக ஏற வேண்டும்.

மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் 1992ஆம் ஆண்டிலும் மலேசிய சபா பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டிலும் உருவாயின. தீபகற்பத்திலிருந்து அங்கே படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு அந்தப் பயணமே வாழ்க்கையின் முதல் விமானப் பயணமாக அமைவது சாதாரணம். நான் சபாவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு என் அத்தை மகளுக்கும் அங்கேயே இடம் கிடைத்திருக்கிறது. அத்தை இன்னும் சரி என்று சொல்லவில்லை. தொலைபேசியில் அவர் கேட்ட கேள்விகள்தாம் இந்தக் கட்டுரைக்குக் காரணம். விமானம் ஏன் குலுங்குகிறது, காது வலிக்குமா, பெட்டியில் கற்பூரம் வைக்கலாமா, பிள்ளை வழி தவறிவிட்டால் யாரைக் கேட்பது? இவற்றில் எதுவும் சின்னக் கேள்வியில்லை. கிடைத்த இடத்தை ஏற்பதா மறுப்பதா என்பதே சில வீடுகளில் இவற்றின் பதிலைப் பொறுத்திருக்கிறது.

அத்தைக்குப் பதில் சொல்லும்போதுதான் ஒன்று புரிந்தது. எனக்குத் தெரிந்ததில் பாதியை நான் விமானத்தில் கற்கவில்லை. பேராக்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்த பழைய கணினியில் கற்றேன்.

கூடத்தில் இறங்கிய விமானம்

மாமா புதுக் கணினி வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தார். பெண்டியம் 4 செயலி, விண்டோஸ் எக்ஸ்பி, தொலைக்காட்சிப் பெட்டியைப் போலப் பருத்த திரை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து, மேசை விசிறியைத் திருப்பி வைத்தால்தான் சூடாகாமல் ஓடும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. எங்கள் வீட்டில் அது அதற்குப் பின்னரும் ஓடியது. இணையம் இல்லாததால் பாதுகாப்புப் பற்றிய கவலையும் இல்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்பதால் அது கூடத்தில்தான் இருந்தது. ஒருவர் விளையாட, மூவர் பின்னால் நின்று பார்ப்போம். அம்மா சொலிட்டேர் ஆடுவார். அண்ணன் பின்பால் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் விமானம் ஓட்டினேன். மாமா கணினியோடு சேர்த்துக் கொடுத்த உறையில் மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2004 விளையாட்டின் நான்கு குறுந்தட்டுகள் இருந்தன.

அந்த விளையாட்டின் கதை நம் பெற்றோர் காலத்திலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக மாணவர் புரூஸ் ஆர்ட்விக், 1975ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டுக்காகக் கணினித் திரையில் விமானப் பயணத்தைக் காட்டும் முறையை ஆராய்ந்தார். அது ஆப்பிள் 2 கணினிக்கான விளையாட்டாக வளர்ந்தது. பிறகு 1982ஆம் ஆண்டில் ஐபிஎம் கணினிக்கான முதல் பதிப்பை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அந்தப் பதிப்பு ஒரே ஒரு நெகிழ்வட்டில் அடங்கியது. அக்காலத்தில் வேறு நிறுவனங்கள் செய்த கணினி உண்மையிலேயே ஐபிஎம் கணினிக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க, இந்த விளையாட்டை ஓட்டிப் பார்ப்பார்களாம். 2020ஆம் ஆண்டில் வந்த புதிய பதிப்புக்கோ சுமார் 150 கிகாபைட் இடம் வேண்டும்.

பழைய பதிப்புகளில் பயணம் தொடங்கும் இடம் சிகாகோ நகரின் ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையம். உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான சிறுவர்கள் அங்கிருந்துதான் செஸ்னா விமானத்தில் முதன்முதலாக மேலெழுந்தார்கள். பாதிப் பேர் நேராக ஏரிக்குள் விழுந்திருப்பார்கள். நிஜத்தில் அந்த நிலையம் இன்று இல்லை. 2003 மார்ச் மாத இறுதியில், நகர மேயரின் உத்தரவால் இரவோடு இரவாக ஓடுபாதை தோண்டப்பட்டது. இப்போது அங்கே பூங்கா இருக்கிறது. பழைய குறுந்தட்டுகளில் மட்டும் அந்த ஓடுபாதை அப்படியே இருக்கிறது.

எங்கள் கணினியில் விளையாட்டு திறக்கும் முன் தேநீர் குடித்து முடித்துவிடலாம். ஆனால் திறந்தபின் கிடைத்த அறிவு வீண்போகவில்லை. சக்கரத்தை மடக்க 'ஜி' விசை. இறக்கையின் பின்விளிம்பை நீட்ட 'எஃப்7'. கோலாலம்பூர் நிலையத்தின் குறியீடு டபிள்யூஎம்கேகே, கோத்தா கினபாலுவுக்கு டபிள்யூபிகேகே. இதையெல்லாம் கற்றபோது எங்கள் குடும்பத்தில் யாரும் விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

டிக்கெட் எடுக்கும்போது

முதல் பாடம், பெயர். இணையப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தந்தை பெயரும்தான் உண்டு, நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி. முக்கியமானது ஒன்றே: அடையாள அட்டையில் உள்ள எழுத்துகள் டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். தன் பெயரை முதற்பெயர்க் கட்டத்திலும் தந்தை பெயரை அடுத்த கட்டத்திலும் இடுவது வழக்கம். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் கோட்டை மட்டும் விட்டுவிடலாம். செல்லப்பெயர், சுருக்கப்பெயர் எதுவும் வேண்டாம். பணம் கட்டும் முன் வீட்டில் இன்னொருவரையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பாடம், விலை. பதிவு நாளை ஒட்டியும் தீபாவளியை ஒட்டியும் டிக்கெட் விலை ஏறும். தேதி உறுதியானவுடன் எடுத்துவிடுவது நல்லது. அரசு உயர்கல்விக்கூட மாணவர்கள் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக், லாபுவானுக்கும் இடையே பறக்க உதவும் ஃபிளைசிஸ்வா திட்டம் 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்தந்த ஆண்டின் தொகையையும் விதிமுறையையும் பார்த்து, தகுதி இருந்தால் மறக்காமல் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது பாடம், பெட்டிக்கான கட்டணம். மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை மட்டுமே சேரும். ஓராண்டுக்கான துணிமணியோடு செல்லும் மாணவருக்குப் பதிவுப் பெட்டி கட்டாயம் வேண்டும். அதை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கினால் மலிவு. விமான நிலையத்தில் வாங்கினால் விலை அதிகம்.

பெட்டியில் எது, கையில் எது?

நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் கையில் கொண்டுபோகும் சுமைக்கு 7 கிலோ என்பதே பொதுவான வரம்பு. மடிக்கணினியும் அதில் அடங்கும். வீட்டுத் தராசில் நிறுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பவர் பேங்கைப் பதிவுப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் உடனே அணைக்கலாம். அடியில் சரக்கறையில் இருந்தால் கை எட்டாது. வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் கணக்குச் சுலபம்: அந்த எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட்-மணி, கொண்டு போகலாம். இப்போது பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவோ அதற்கு மின்னேற்றவோ அனுமதிப்பதில்லை. எனவே கைப்பேசியை முன்பே முழுமையாக மின்னேற்றி வையுங்கள்.

பழைய மடிக்கணினியை அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வாங்கிச் செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்கலம் உப்பியிருந்தால், அடிப்பாகம் மேசையில் சரியாக உட்காராமல் ஆடும். விசைப்பலகை நடுவில் மேடு தட்டும். அப்படிப்பட்ட மின்கலத்தோடு விமானம் ஏறக் கூடாது. கடையில் மாற்றிய பிறகே கொண்டு போக வேண்டும். பழைய கேம் பாய் போன்ற சாதனங்கள் சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடுபவை. அவற்றால் தொல்லையில்லை.

இனி அத்தை கேட்ட கற்பூரம். பிள்ளை புது ஊரில் முதல் நாளே சாமி கும்பிட வேண்டும் என்று அம்மாக்கள் விபூதி, குங்குமம், அகல்விளக்கு, கற்பூரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிவைப்பார்கள். விபூதியும் குங்குமமும் விளக்கும் போகலாம். கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றக் கூடாத பொருள்களில் ஒன்று. தீப்பெட்டியையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், போய்ச் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம். சமையல் எரிவாயுக் குடுவைக்கும் அனுமதியில்லை.

முறுக்கு, இட்லிப் பொடி, மசாலைத் தூள் ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஊறுகாய், சம்பல், நல்லெண்ணெய் போன்றவற்றை மூடியை ஒட்டி, இரண்டு நெகிழிப் பைகளில் கட்டிப் பதிவுப் பெட்டியில் வையுங்கள். கத்தி, கத்தரிக்கோலுக்கும் பதிவுப் பெட்டிதான் இடம். வெளிநாட்டுப் பயணமாக இருந்தால் கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத குப்பியில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடையாள அட்டை, பல்கலைக்கழக இடக் கடிதம், சான்றிதழ்கள், மருந்து, ஒரு செட் மாற்றுடை ஆகியவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் பதிவு வேலை நிற்காது.

எந்த முனையம்?

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உண்டு. 1998இல் திறக்கப்பட்டது முனையம் 1. கேஎல்ஐஏ2 என்ற பெயரில் 2014இல் திறக்கப்பட்டது இன்றைய முனையம் 2. மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதிலும் ஏர் ஏசியா இரண்டாவதிலும் இயங்குகின்றன. டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இடம் மாறி இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே இரயிலில் சில நிமிடப் பயணம்தான்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் இரயில் 28 நிமிடத்தில் முனையம் 1ஐயும் 33 நிமிடத்தில் முனையம் 2ஐயும் அடைகிறது. வட மாநிலங்களிலிருந்து பேருந்தில் பண்டார் தாசேக் செலாத்தான் வருபவர்கள் அங்கிருந்தே கேஎல்ஐஏ டிரான்சிட் இரயிலைப் பிடிக்கலாம்.

முதல் பயணம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். வரிசை இதுதான்: இணையத்திலேயே பயணப் பதிவைச் செய்துவிட்டு ஏறுசீட்டைக் கைப்பேசியில் படமாகச் சேமிக்க வேண்டும். நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, ஏறுசீட்டில் உள்ள வாயில் எண்ணைத் தேடிப் போக வேண்டும். பெட்டி ஒப்படைக்கும் முகப்பு பொதுவாக விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். வாயிலும் கிளம்பும் நேரத்துக்கு முன்பே மூடப்படும். சீட்டில் உள்ள கிளம்பும் நேரம், நாம் வந்து நிற்க வேண்டிய நேரம் அல்ல. வாயில் எண் கடைசி நேரத்தில் மாறலாம், அறிவிப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சந்தேகம் வந்தால் சீருடை அணிந்த எவரிடமும் கேட்கலாம். ஒவ்வொரு நாளும் யாராவது அவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழியனுப்ப வரும் குடும்பத்தினர் சோதனை வாசலுக்கு அப்பால் வர முடியாது. அழுவதற்கும் ஆசீர்வாதம் வாங்குவதற்கும் படம் எடுப்பதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். அவசரத்தில் சொல்லிக்கொள்ளாமல் ஓடினால் வீட்டில் அம்மாவின் மனம் ஆறாது.

அந்தச் சத்தங்கள் என்ன?

பயத்தில் பாதி, காரணம் தெரியாத சத்தத்தால் வருவது. பழைய விளையாட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விசை இருந்தது. அதனால் என் முதல் பயணத்தில் பக்கத்தில் இருந்த பாட்டிக்கு என்னால் நேர்முக வர்ணனையே கொடுக்க முடிந்தது.

இருக்கையில் அமர்ந்ததும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல ஓர் ஓசை விட்டு விட்டு வரலாம். ஒரு நீரழுத்த அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு விசையைக் கடத்தும் கருவி அது. பழுதில்லை.

ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும்போது 'உய்ய்' என்ற ஒலியோடு இறக்கையின் பின்விளிம்பு நீளும். குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கை அகலமாகிறது. விளையாட்டில் அதுதான் 'எஃப்7'.

பிறகு இயந்திரங்கள் முழங்கும். முதுகு இருக்கையோடு அழுந்தும். என் செஸ்னா மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலேயே தரையை விட்டுவிடும். நாம் ஏறும் விமானம் 250 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய பிறகே மூக்கை உயர்த்தும். மேலெழுந்த சில நொடிகளில் காலடியில் 'டம்' என்று ஒரு சத்தம். சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவு மூடுகிறது, 'ஜி' விசை.

அடுத்ததுதான் புதியவர்களை அதிகம் அச்சுறுத்துவது. ஒரு நிமிடத்துக்குள் இயந்திரத்தின் ஓசை சட்டென்று குறையும். விமானம் கீழே விழுவதுபோல் வயிறு சொல்லும். உண்மையில் அது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. மேலெழும்ப வேண்டிய முழு விசை இனித் தேவையில்லை என்பதால் விமானி குறைக்கிறார். மேகத்துக்குள் நுழைந்தால் உடல் உணர்வை நம்பக் கூடாது, கருவியை நம்ப வேண்டும் என்பதே விமானிகள் கற்கும் அடிப்படைப் பாடம். விளையாட்டும் அதைத்தான் கற்றுத் தந்தது. பயணிக்கும் அது பொருந்தும். நம் வயிறு நல்ல கருவியல்ல.

மேலே சென்றபின் குலுங்கினால்? காற்று ஓடும் ஆறு. வெப்பக் காற்று மேலெழும் இடத்திலும் மேகத்தின் ஓரத்திலும் அலை இருக்கும். படகு அலையில் ஆடுவது போல விமானமும் ஆடும். சன்னலிலிருந்து பார்த்தால் இறக்கை வளைவது தெரியும். வளையத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கும் மிக அதிகச் சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு பறக்க முடியும். குலுங்கலில் காயம் படுபவர்கள் பெரும்பாலும் இருக்கை வார் அணியாதவர்கள்தாம். விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை வாரை அணிந்தே இருங்கள். ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் இறக்கைக்கு நேரான வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். பின்பகுதியில் சற்று அதிகமாகத் தெரியும்.

காது அடைப்பதும் இயல்புதான். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. கெந்திங் மலை ஏறும்போது காது அடைக்குமே, அதே கதைதான். மிட்டாய் சப்புங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். இறங்கும்போதுதான் அதிகம் அடைக்கும், அப்போது தூங்காமல் இருப்பது நல்லது. கடுமையான சளி இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

இரவு நேரத்தில் இறங்கும் முன் உள்விளக்கை மங்கலாக்குவார்கள். அவசரமாக வெளியேற நேர்ந்தால் கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக அது. தரையைத் தொட்டதும் பெரும் இரைச்சல் எழும். இறக்கை மேல் தகடுகள் நிமிர்ந்து, இயந்திரத்தின் காற்று முன்னோக்கித் திருப்பப்பட்டு வேகம் குறைகிறது. எங்கள் பழைய ஒலிபெருக்கியால் அந்த இரைச்சலைக் காட்டவே முடிந்ததில்லை.

இணையமில்லாத இரண்டரை மணி நேரம்

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், கூச்சிங்குக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. குறைந்த கட்டண விமானங்களில் இருக்கைத் திரை இருக்காது. கைப்பேசியை விமான முறைக்கு மாற்றியதும், இன்றைய விளையாட்டுகளில் பல திறக்கவே மறுக்கும். எங்கோ இருக்கும் வழங்கியோடு பேசாமல் அவற்றுக்கு ஓடத் தெரியாது.

பழையவை அப்படியில்லை. விண்டோஸ் 3.0 உடன் 1990இல் வந்த சொலிட்டேர், 1997இல் நோக்கியா 6110 கைப்பேசியில் வந்த பாம்பு, 1989இல் வெளிவந்த கேம் பாயில் நான்கு பேட்டரியோடு ஓடிய டெட்ரிஸ் ஆகிய எதுவும் நம்மிடம் கணக்கு எண் கேட்டதில்லை, விளம்பரம் காட்டியதில்லை, நடுவில் பணம் கேட்டதும் இல்லை. வாங்கிய பொருள் முழுமையாக நம் கையில் இருந்தது. இதை வெறும் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. 2004 குறுந்தட்டு இன்றும் மாமாவின் உறையில் இருக்கிறது. ஓட்ட ஒரு பழைய கணினி இருந்தால் போதும். நான் இன்று கைப்பேசியில் ஆடும் விளையாட்டு பத்தாண்டு கழித்து இருக்குமா என்பதை அதன் நிறுவனம்தான் முடிவு செய்யும்.

எனவே பயணத்துக்கு முன்தினமே பாடல், படம், பாடக் குறிப்பு, போகும் ஊரின் வரைபடம் எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வீட்டிலேயே விமான முறைக்கு மாற்றி, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பாருங்கள். சன்னல் இருக்கை கிடைத்தால் எதுவுமே தேவையில்லை. ஒரு வரிசைக்கு ஆறு பேர் அமரும் விமானத்தில் ஏ, எஃப் இரண்டும் சன்னல் இருக்கைகள். பகலில் வானம் தெளிவாக இருந்தால், கோத்தா கினபாலுவில் இறங்கும் முன் 4,095 மீட்டர் உயர கினபாலு மலை மேகத்துக்கு மேல் தலைகாட்டும்.

இறங்கியவுடன்

உள்நாட்டுப் பயணம்தான் என்றாலும் சபாவிலும் சரவாக்கிலும் தீபகற்ப மக்கள் குடிநுழைவு முகப்பைத் தாண்ட வேண்டும். 1963இல் மலேசியா உருவானபோதே அவ்விரு மாநிலங்களுக்கும் கிடைத்த உரிமை அது. அசல் அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். நகலோ கைப்பேசியில் எடுத்த படமோ போதாது. அவர்கள் தாள் எதுவும் தந்தால் பத்திரப்படுத்துங்கள். படிக்கச் செல்வோருக்கான அனுமதி நடைமுறை சுற்றுலாப் பயணிகளுக்கானதிலிருந்து வேறானது. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கிளம்பும் முன்பே பல்கலைக்கழகத்தில் கேட்டு, இடக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

வெளியே வந்தால் இன்னொரு வியப்பு. மாலை ஆறரை மணிக்கெல்லாம் சபாவில் இருட்டத் தொடங்கிவிடும். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, நேரம் ஒன்றுதான். தீபகற்பம் 1982 ஜனவரி முதல் நாள் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிச் சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனால் கிழக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் முன்னதாகவே வந்து முன்னதாகவே போய்விடுகிறது. அதனால் முதல் பயணத்துக்குக் காலை விமானமே நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே விடுதியை அடைந்துவிடலாம். பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்கு அழையுங்கள்.

விளையாட்டு சொல்லித் தராதவை

கணினியில் 'பி' விசையை அழுத்தினால் விமானம் வானில் அப்படியே நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம். பயணம் நீண்டால் நேரத்தை நான்கு மடங்கு வேகமாக ஓட்டலாம். முதல் செமஸ்டரில் அப்படி ஒரு விசை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்த இரவுகள் உண்டு. வீட்டு நினைப்பு எந்த விமானப் பயணத்தையும்விட நீளமானது. இரண்டாவது மாதத்தில் அது குறையத் தொடங்கும். அதற்குள் ஒரே வாளியில் துணி துவைக்கவும், மலாயில் கடசான் நண்பர்களோடு கதை பேசவும், பொங்கலன்று விடுதியில் பத்துப் பேருக்குச் சமைக்கவும் பழகிவிடுவீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விமானத்தைப் பற்றிய பயத்துக்குப் பதில் இருக்கிறது. மேலே சொன்னவை போக, இன்னும் கேள்வி இருந்தால் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். மகனாக இருந்தால் அனுப்பலாம், மகள் என்பதால் யோசிக்கிறோம் என்ற பதிலை மட்டும் சொல்லாதீர்கள். விமானத்தின் கதவு இருவருக்கும் ஒன்றுதான். கிடைத்த இடத்தை ஏற்பதற்குக் கெடு தேதி உண்டு. அது கடந்தபின் துணிச்சல் வந்து பயனில்லை.

அத்தைக்கு நான் சொன்னதும் இதுதான். அவர் அடுத்ததாக, விமானத்தில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். முன்கூட்டியே பதிவு செய்தால் கிடைக்கும், அத்தை. பதிவு செய்ய வேண்டியது டிக்கெட் எடுக்கும்போது.